சொல்தா வீட்டு அக்ரிமெண்ட்

ஜூலை 2, புதன்

வெயில் மண்டையைப் பிளக்குது. ஆனி பாதி போயாச்சு, இன்னும் இப்படி. கடல் காத்து நாலு மணிக்கு மேலதான்.

வேலை:
– சொல்தா வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாக்க (முடிஞ்சுது, சுத்தம்)
– கரண்ட் பில்
– ஸ்கூட்டி பின் டயர்
– சேகர் அண்ணனுக்குப் பத்துக் குறிப்பு (ஒண்ணுகூட எழுதலை)

சேகர் அண்ணன் நாகப்பட்டினத்துல மண்டபம் பிடிச்சு வகுப்பு நடத்துறார். 13ஆம் தேதி ஞாயிறு. எங்க தொழிலுக்குப் புதுசா வர்றவங்களுக்கு. சொந்தக் காசைப் பெருசாப் போடாம, ஒரு வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டுக்கிட்டு, கெடு முடியுறதுக்குள்ள இன்னொரு ஆளுக்கு அதைக் கைமாத்திவிட்டு, நடுவுல நிக்கிறதை எடுத்துக்கிற தொழில். "பத்திரம் எழுதுறவர்கிட்ட பன்னெண்டு வருசம் டைப் அடிச்ச பொம்பள இன்னிக்கு எப்படி இருக்குன்னு அவங்க பாக்கணும் ஜெயந்தி" ங்குறார். எப்படி இருக்கேனாம். டயர் மாத்த யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

நேத்து சொல்தா வீட்டுக் கருமாதி. திருநள்ளாறு ரோட்டுல, முன்கட்டு பின்கட்டு வச்ச பழைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கினவர், பிரெஞ்சுல சிப்பாய்க்குச் சொல்தா, அதனால ஊருக்கே சொல்தா வீடு. அவரை உயிரோட நான் பாத்ததே இல்லை. சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாத்துட்டுப் பதினாறாம் நாள் போய் இலையில உக்காந்தேன். யாரும் நீ யாருன்னு கேக்கலை. கருமாதி வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்க.

பின்பக்கம் கைகழுவப் போனப்ப அஞ்சலை அக்கா அண்டா விளக்கிக்கிட்டு இருந்துச்சு. பின்கட்டுல குடியிருக்கு. காலையில கூடை மீன் வியாபாரம், மத்த நேரமெல்லாம் சொல்தாவுக்குக் கஞ்சி காய்ச்சி, குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி. பதினோரு வருசம். நானும் குந்தி ரெண்டு பாத்திரம் விளக்கினேன். அதுலயே எல்லாம் கொட்டிடுச்சு. வீடு மக வனஜா பேர்ல எப்பவோ எழுதியாச்சு. மக பிரான்ஸ் குடியுரிமை, அங்கேயே நாப்பது வருசம். திரும்பிப் போற பிளைட்டு 18ஆம் தேதி. வித்துட்டுப் போகணும்னு நினைப்பு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை.

போஸ்டர், பதினாறாம் நாள், டிக்கெட் தேதி. இந்த மூணும் தெரிஞ்சாக் காரைக்கால்ல பாதி விலைக்கு வீடு பேசலாம். ஊருக்குப் போற அவசரத்துல இருக்கிறவங்க பேரம் பேச மாட்டாங்க.

இதைச் சேகர் அண்ணனுக்கு முதல் குறிப்பா எழுதலாம்னு பேனாவை எடுத்தேன். கை வரலை. மூடி வச்சுட்டேன்.


ஜூலை 4, வெள்ளி

அக்ரிமெண்ட் முடிஞ்சுது. சந்தோசமா இருக்கணும். ரெண்டு தடவை குளிச்சேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். வேற யார்கிட்ட சொல்ல.

பத்து மணிக்குப் போனேன். வனஜா அக்காவுக்கு அறுபதுக்கு மேல இருக்கும். முட்டி வலி, தாங்கித் தாங்கி நடக்குறாங்க. பேசுறது அச்சு அசல் நம்ம ஊருப் பேச்சு. ஆனா சின்னதுலேர்ந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. பஸ் போர்டே அஞ்சலையைத்தான் கேப்பாங்களாம்.

"நீங்க குடியிருக்கவாம்மா வாங்குறீங்க?"

"ஆமாக்கா."

யோசிக்கவே இல்லை. சோறு தின்னியான்னு கேட்டா ஆமான்னு சொல்ற மாதிரி.

"அப்ப ஒண்ணே ஒண்ணு. அஞ்சலை பின்கட்டுல இருந்துக்கட்டும். விலையில வேணும்னாக் குறைச்சுக்குங்க. அவளை மட்டும் கிளப்பிடாதீங்க."

"இருக்கட்டும்க்கா. எனக்கும் ஒரு துணையாப் போச்சு."

துணையாப் போச்சுங்கறதை யாரு சொல்லச் சொன்னா? தேவையே இல்லை. இருக்கட்டும்க்கான்னு சொன்னதோட நிறுத்தியிருந்தாலும் பொய்தான், ஆனா இந்த அளவுக்கு இல்லை. பின்கட்டு வாசல்ல அஞ்சலை அக்கா நின்னு கேட்டுச்சு. முந்தானையால கண்ணைத் தொடச்சுச்சு. வனஜா அக்கா சொன்னபடி விலையிலயும் குறைச்சுக்கிட்டேன், அது வேற.

படிக்கத் தெரியாதவங்களுக்குப் பத்திரத்தை வாசிச்சுக் காட்டணும். அது வழக்கம், முறை. எங்க பத்திர ஆபீஸ்ல அந்த வேலை என்னுதுதான். என் குரல் தெளிவுன்னு ஆளுங்க என்னைக் கேட்டே வருவாங்க. ஒரு எழுத்து விட்டதில்லை அப்பல்லாம்.

இன்னிக்கு ரெண்டு இடம் விட்டேன்.

ஒண்ணு: "தங்களுக்கோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்க." இதுல "தங்களுக்கு" மட்டும் வாசிச்சேன்.

ரெண்டு: "பின்கட்டு உள்பட முழுவதையும் காலி செய்து." முழு வரியும் விட்டேன். பக்கம் திருப்புற மாதிரி விரலை நாக்குல தொட்டு, அடுத்த பத்திக்குப் போயிட்டேன். குரல்ல ஒரு பிசிறு இல்லை. கடைசி வரியை மட்டும் நல்லா நிறுத்தி வாசிச்சேன். "வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, மனப்பூர்வமாக."

அக்கா கையெழுத்துப் போட்டாங்க. சாஞ்ச பிரெஞ்சு எழுத்து, கொடி ஓடுற மாதிரி அழகு. "வாசிக்கத் தெரிஞ்ச பொண்ணா நீயே கிடைச்சியேம்மா" ன்னாங்க.

சாப்பாடு இறங்கலை. ஏன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார், தலைவலின்னேன்.


ஜூலை 5, சனி

திருநள்ளாறு. சனிக்கிழமை, கேக்கணுமா. எள்ளு விளக்குக்காரங்க நடுரோடு வரைக்கும். குளத்துல முங்கிட்டு வர்ற வெளியூர் கூட்டம். ஸ்கூட்டியைத் தள்ளிக்கிட்டே போனேன்.

லாட்ஜ்காரரைப் பாக்க. அவர்தான் வாங்குற ஆள். சொல்தா வீட்டை இடிச்சுட்டு இன்னொரு லாட்ஜ் கட்டப்போறார். ரோட்டு மேல இருக்கே. நல்ல மனுசன்தான், காபி இல்லாம விட மாட்டார்.

"ஆடி பிறக்குறதுக்குள்ள பதிவு முடிச்சிருங்க. ஆடியில நான் பத்திரம் பண்ண மாட்டேன். அப்புறம், பின்னாடி யாரோ ஒரு மீன்காரம்மா இருக்காமே?"

"போயிடுவாங்க."

"எழுத்துல வேணும். எனக்கு அப்புறம் வம்பு ஆகாது."

"எழுத்துல இருக்கு சார்."

எழுத்துல இருக்குதான். வாசிப்புலதான் இல்லை.

அவர் முன்னாடியே குடுத்த அட்வான்ஸ்ல பாதிதான் நான் வனஜா அக்காவுக்குக் குடுத்த அட்வான்ஸ். மீதி பெரியவ காலேஜுக்குப் போயாச்சு. திருப்பிக் குடுத்து விலகலாம்னா கையில ஒண்ணும் இல்லை. இல்லைங்கறது ஒரு வசதியாவும் இருக்கு, அதையும் எழுதிடறேன்.


ஜூலை 8, செவ்வாய்

சேகர் அண்ணன் மூணு தடவை போன். உக்காந்து எழுதினேன்.

1. வீட்டைத் தேடாதீங்க, முதல்ல வாங்குற ஆளைத் தேடுங்க. ஆள் இல்லாம அக்ரிமெண்ட் போட்டாக் கெடு கழுத்தை நெரிக்கும்.
2. வில்லங்கம் முப்பது வருசத்துக்குப் போடுங்க. தாய்ப்பத்திரத்தைக் கண்ணால பாருங்க, ஜெராக்ஸை நம்பாதீங்க.
3. வாரிசு எத்தனைன்னு வீட்டுக்காரரைக் கேக்காதீங்க, பக்கத்து வீட்டைக் கேளுங்க.
4. வெளிநாட்டுக் குடியுரிமைக்காரங்க விக்கிறாங்கன்னா வரி பிடிச்சுக் கட்டுற வேலை இருக்கு. ஆடிட்டரைப் பாக்காம தேதி குடுக்காதீங்க.
5. நீங்க வாங்கி விக்கிற ஆளுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. ஒளிக்காதீங்க.
6. உள்ளே குடியிருக்கிறவங்ககிட்டப் பேசுங்க.

அஞ்சை எழுதி, அடிச்சு, திரும்ப எழுதினேன். ஆறு எழுதினதும் எழுந்து போய்க் கொடியில துணி எடுத்தேன். உள்ளே குடியிருக்கிறவங்ககிட்ட நான் பேசாமலா இருந்தேன். பேசித்தானே எல்லாத்தையும் வாங்கினேன்.

இவர்கிட்ட பட்டும் படாமச் சொன்னேன். துறைமுகத்துல வேலை, சோர்ந்து வந்து உக்காந்திருந்தார். "அந்தம்மா என்ன வீட்டுக்காரியா? வாடகைகூடக் குடுக்கலைங்கறே. சட்டப்படி உன் மேல என்ன தப்பு?" சட்டப்படி ஒண்ணும் இல்லைதான். எனக்குச் சட்டம் தெரியும், அதான் இந்த லட்சணம்.

மீதி நாலு குறிப்பு நாளைக்கு.


ஜூலை 10, வியாழன்

மாங்கனித் திருவிழா, மாடியிலேர்ந்தெல்லாம் மாம்பழம் வீசுற நாள். ஆபீஸெல்லாம் லீவு. கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டு அரை மணி நேரம். தலையில ஒரு மாம்பழம் விழுந்துச்சு, நல்ல அடி. பிரசாதம்னு பக்கத்துல ஒரு அம்மா பிடுங்கிக்கிச்சு.

வனஜா அக்காகிட்ட பான் கார்டு நகல் வாங்கணும்னு சொல்தா வீட்டுக்குப் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாங்க. அஞ்சலை அக்கா மட்டும்.

முன்கட்டு அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கு. தானே, கை முழுக்கப் பொத்துப்போயிருக்கு.

"நீங்க வர்றப்பக் கரி பிடிச்சுக் கெடக்கக் கூடாதுல்ல. தளத்துல ஒரு எடத்துல ஒழுகும், அதையும் ஆளை விட்டுப் பூசிட்டேன்."

"யாரு காசுலக்கா?"

"எங் காசுலதான். வாடகை வேண்டாம்னு சொல்லிட்டீங்க, இதுகூடச் செய்யக் கூடாதா?"

வாடகை வேண்டாம்னு எப்ப சொன்னேன்? சொல்லியிருப்பேன் போல. அன்னிக்கு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

தடைக்காலம் முடிஞ்சு மீன் நல்லா வருதாம். ஒரு கிலோ சங்கரா, செதில் எடுத்து, கழுவி, பையில போட்டுக் குடுத்துச்சு. காசை நீட்டினேன். "ஒரே வீட்டுல இருக்கப் போறோம், காசு வாங்குவாங்களா யாராச்சும்."

அப்பவே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். "மஞ்சள் தடவணுமாக்கா?" ன்னு கேட்டேன்.

கொழம்பு வச்சேன். சின்னவ ரெண்டு தடவை ஊத்திக்கிட்டா. நான் ரசம் சோறு.


ஜூலை 13, ஞாயிறு

நாகப்பட்டினம். மண்டபத்துல முப்பது நாப்பது பேர். ரிடையர்டு வாத்தியார், பைனான்ஸ்காரங்க, கொரியர் ஆபீஸ் வச்சிருக்கிறவர், நாலஞ்சு பொம்பளைங்க. மின்விசிறி சத்தத்துல மைக் சரியாக் கேக்கலை.

நல்லாத்தான் பேசினேன். பேசத் தெரியாமலா. வில்லங்கம், கெடு, வரி எல்லாத்துக்கும் குறிப்பு எடுத்தாங்க.

கேள்வி நேரத்துல ஒரு அம்மா, என் வயசு இருக்கும், பொறையார்லேர்ந்து வந்திருக்காங்களாம், எழுந்து நின்னாங்க. "மேடம், நாங்க நெசமாச் சொல்லிட்டா வீட்டுக்காரங்க விலையை ஏத்திடுவாங்களே. நீங்களே குடியிருக்கவான்னு கேட்டா என்ன சொல்றது?"

மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான் சொன்னதை அப்படியே எழுதறேன், எனக்கே உறைக்கணும். "ஒரு வாட்டி நாம பொய் சொல்லி வாங்கிட்டா, அதுக்கப்புறம் அந்தத் தெருவுல நமக்கு வேலை இல்லை. வர்ற லாபத்துல குறைஞ்சாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்க. நான் அப்படித்தான் இத்தனை நாளா ஓட்டுறேன்."

கை தட்டினாங்க. அந்த அம்மா எழுதிக்கிட்டாங்க, நோட்டுல, அடிக்கோடு போட்டு. சேகர் அண்ணன் பொன்னாடை போத்தினார். கழுத்தெல்லாம் அரிப்பு.

பஸ்ல வர்றப்ப நினைச்சேன். பொய் சொன்னதுகூடப் பெருசு இல்லை. அதை வச்சுக்கிட்டே பாடம் எடுத்தேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்.


ஜூலை 14, திங்கள்

கிரயப் பத்திரம் தயார். வாங்குறவர் இடத்துல லாட்ஜ்காரர் பேர். யாருன்னு வனஜா அக்கா கேட்டா: எங்க பெரியப்பா மகன், லோன் வசதிக்காக அவர் பேர்ல. இதான் சொல்ல நினைச்சு வச்சிருக்கேன். இவர்கிட்டகூடச் சொல்லிப் பாத்தேன். நம்புற மாதிரிதான் இருக்குன்னார்.

புதன்கிழமை பதிவு, ஆனி கடைசி நாள். ராகுகாலம் 12. அதுக்குள்ள முடிக்கணும்.

டயர் மாத்தியாச்சு.


ஜூலை 16, புதன்

பதிவாளர் ஆபீஸ். நாளைக்கு ஆடின்னு ஊரே வந்து நின்னுச்சு. வேப்பமரத்தடியில பெஞ்சு கிடைச்சதே பெரிசு.

வனஜா அக்கா காரோட வந்தாங்க, பெட்டியெல்லாம் ஏத்தி. பதிவு முடிஞ்சு நேரா பாண்டிச்சேரி சொந்தக்காரங்க வீட்டுக்கு, அங்கேர்ந்து சென்னை. லாட்ஜ்காரர் வேட்டி சட்டையில, சந்தனம் வச்சுக்கிட்டு. அக்கா அவரைப் பாத்து, "இவரு யாரும்மா?"

பெரியப்பா மகன்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு.

"இருங்கக்கா. முதல்ல வாசிக்கிறேன்" ன்னேன்.

வாசிச்சேன். முதல் எழுத்துலேர்ந்து. பேரு, தகப்பன் பேரு, நான்கெல்லை, குழி எத்தனை. பின்கட்டு வந்துச்சு. "மேற்படி பின்கட்டில் குடியிருப்போரை முப்பது நாளுக்குள் காலி செய்து." நிறுத்தி, திரும்ப ஒரு தடவை வாசிச்சேன். அப்புறம் பத்திரத்தை மடியில வச்சுட்டு, அன்னிக்கு அக்ரிமெண்ட்ல வாசிக்காம விட்ட ரெண்டு இடத்தையும் மனப்பாடமா ஒப்பிச்சேன். நான் குடியிருக்கப் போறதில்லை, இவர் இடிக்கப் போறார், நான் நடுவுல நின்னு எடுத்துக்கிறவ. எல்லாம். எவ்வளவு எடுத்துக்கிறேன்னும் சொன்னேன்.

லாட்ஜ்காரர் எழுந்து தள்ளிப் போய்ட்டார். நல்ல மனுசன்னு சொன்னேன்ல.

"வேணாம்னா இப்பவே எழுந்துடலாம்க்கா. அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." அந்த நிமிசம் நெசமாத்தான் சொன்னேன். எப்படிச் சொல்லிக்குவேன்னு தெரியாது.

அக்கா என்னைத் திட்டலை. திட்டுவாங்கன்னு தயாரா இருந்தேன். கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாங்க, உள்ளே செருகியிருந்த டிக்கெட்டைப் பாத்தாங்க, திரும்ப வச்சாங்க. முட்டியைத் தடவிக்கிட்டாங்க.

"அங்க ஆபரேசனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. இன்னொரு வாட்டி என்னால வர முடியாது ஜெயந்தி."

கைப்பை ஜிப்பை இழுத்து மூடினாங்க.

"அன்னிக்கு வாசிக்காம விட்டியே. இன்னிக்கும் விட்டிருக்கலாம்ல? தெரியாமலே போட்டுட்டுப் போயிருப்பேன். பாவம் உன்னோட இருந்திருக்கும்."

உள்ளே கூப்பிட்டாங்க. அதே சாஞ்ச எழுத்துல, அதே அழகா, எல்லாப் பக்கத்துலயும் போட்டாங்க. "வாசிக்கக் கேட்டீங்களா?" ன்னு உள்ளே கேட்டதுக்கு, "நல்லாக் கேட்டேன்" ன்னாங்க.

கார்ல ஏறுறப்ப: "அஞ்சலைகிட்ட நான் சொல்லலை. காலையில கும்புட்டு அனுப்பிவச்சா. அங்கே போய்ப் பணம் அனுப்புறேன். நீ சொல்லிடு."

பதினொண்ணே முக்கால். ராகுகாலத்துக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுது. என் பங்கும் கைக்கு வந்துடுச்சு.

உள்ளதைச் சொன்னா மனசு லேசாகும்பாங்க. ஆகலை. நல்லவளாகிக்கணும்னு நான் வாசிச்சேன், அந்த அம்மா தலையில அதை இறக்கிவச்சு அனுப்பிட்டேன். விலையில குறைச்சுக்கன்னு சொன்ன அம்மா.


ஜூலை 17, வியாழன். ஆடி 1

காலையில போனேன். அஞ்சலை அக்கா கூடையைக் கழுவிக் கவுத்துக்கிட்டு இருந்துச்சு. உக்காரச் சொல்லி முக்காலியைத் தொடச்சுப் போட்டுச்சு. உக்காரலை. நின்னுக்கிட்டே சொன்னேன். சுத்தி வளைக்கலை. வனஜா அக்காவுக்கும் நேத்துத்தான் முழுசாத் தெரியும்னு சொன்னேன், அன்னிக்கு நான் வாசிக்கலைன்னும் சொன்னேன்.

கூடையை நிமித்தி, திரும்பக் கவுத்துச்சு.

"அப்ப நான் டிக்கெட் தேதி சொன்னதுக்குத்தான் அன்னிக்குப் பாத்திரம் விளக்கினியா?"

இதுவரைக்கும் வாங்க போங்கதான். இன்னிக்குத்தான் நீ. எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு.

"ஆமாக்கா."

"எத்தினி நாளு?"

"முப்பது."

என் பங்குலேர்ந்து எடுத்துட்டுப் போயிருந்தேன், கவர்ல. சுண்ணாம்புக்கும் தளத்துக்கும் சேத்துன்னு நீட்டினேன். தொடலை. "நீ எதுக்கு எனக்குக் காசு குடுக்குறே. நீ என்ன எனக்கு ஒறவா."

உள்ளே போச்சு. அழப் போகுதுன்னு நினைச்சேன். ஐநூறு ரூபா நோட்டோட வந்து எங் கையில வச்சுச்சு. மீன் ஈரம் காயலை அதுல.

"எனக்கு ஒரு எடம் பாத்துக் குடு. புரோக்கருங்க முன்பணம் வாங்கினாத்தான் அலைவாங்க. மீதி முடிஞ்சப்புறம்."

வேண்டாம்னேன். "வேண்டாம்னா நீ பாக்க மாட்டே" ன்னுச்சு.

வாங்கிக்கிட்டேன்.

கேட்டது: வாடகை ரெண்டாயிரத்துக்குள்ள. தண்ணி உள்ளேயே. மீன் வாடைக்கு மூஞ்சி சுளிக்காத வீட்டுக்காரங்க. அக்ரிமெண்ட் வேற ஆளு வாசிக்கணும்.